அஞ்சாவது கியர்ல ஒரு போல்ட்

இன்னைக்கு ஒரு போல்ட்ல இருந்து ஆரம்பிக்கலாம்.

1940கள்ல அமெரிக்காவுல வித்த ஒரு டிராக்டர். பேரு ஃபார்மால் எச். கியர்பாக்ஸ்ல முன்னாடி போக அஞ்சு கியர், பின்னாடி வர ஒண்ணு. ஆனா ரப்பர் டயர் இல்லாம இரும்புச் சக்கரத்தோட அந்த டிராக்டரை வாங்கினீங்கன்னா, அஞ்சாவது கியர் விழவே விழாது. கம்பெனியிலேயே ஒரு போல்ட்டை வச்சு அந்த கியரை அடைச்சுத்தான் அனுப்புவாங்க. பல்சக்கரம் உள்ளதான் இருக்கும், காசும் நீங்க கொடுத்திருக்கீங்க. லீவர் மட்டும் அந்தப் பக்கம் போகாது.

முதல்ல இதைப் படிச்சப்ப எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ஏன்னா நாங்க ஆபீஸ்ல தினம் பண்ற வேலை இது. ஒரு வசதியை எழுதி முடிச்சு எல்லார் போனுக்கும் அனுப்பிடுவோம். யாருக்குத் திறக்கணுமோ அவங்களுக்கு மட்டும் சர்வர்ல இருந்து சுவிட்சைப் போடுவோம். 'அப்பவே காசு புடுங்க ஆரம்பிச்சுட்டாங்களா'ன்னுதான் நினைச்சேன். இல்லை. நாலாவது கியர்ல அந்த வண்டி மணிக்கு 8 கிலோமீட்டர் போகும். அஞ்சாவதுல 26. முள்ளு முள்ளா இரும்புப் பற்கள் வச்ச சக்கரத்துல 26 கிலோமீட்டர் வேகத்துல தார் ரோட்டுல போனா ரோடும் மிஞ்சாது, வண்டியும் மிஞ்சாது, மேல உக்காந்திருக்கவரோட முதுகெலும்பும் மிஞ்சாது. இரண்டாம் உலகப்போர் சமயத்துல ரப்பருக்குப் பஞ்சம் வந்து, நிறைய டிராக்டர் மறுபடியும் இரும்புச் சக்கரத்தோட வெளிய போச்சு. போர் முடிஞ்சு டயர் கிடைச்சதும் போல்ட்டைக் கழட்டினா போதும்.

இந்த ஒரு போல்ட்டுக்காகத்தான் அந்த டிராக்டரோட ஸ்பெக் ஷீட்டை முழுசாப் படிக்க உக்காந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போச்சு. அந்த ஷீட்ல இருக்கிற ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாடியும் ஒரு செடியோ, ஒரு குதிரையோ, ஒரு மனுஷனோ இருக்காங்க. இன்னைக்கு எபிசோட் அதுதான்.

முதல்ல ஒரு வார்த்தை. 'ரோ கிராப்' டிராக்டர்னா வரிசைப்பயிர் டிராக்டர். கோதுமை மாதிரி அடர்த்தியா விதைக்கிற பயிருக்கு இல்லாம, மக்காச்சோளம், பருத்தி மாதிரி வரிசை வரிசையா நடுற பயிருக்குன்னு செஞ்ச வண்டி. இதுல என்ன பெரிய வித்தியாசம்னு எனக்கும் தோணுச்சு. டிராக்டர்னா ஏதோ ஒண்ணை இழுக்கும், அவ்வளவுதானே?

அங்கதான் விஷயமே. 1917ல ஹென்றி ஃபோர்டு ஃபோர்ட்சன்னு ஒரு டிராக்டரைக் கொண்டுவந்தார். கார் செய்யற மாதிரியே வரிசையா நிறுத்தி, ஆயிரக்கணக்குல செஞ்சு, விலையை அடிமட்டத்துக்கு இறக்கினார். 1922ல 625 டாலர்ல இருந்து ஒரே அடியா 395 டாலர். போட்டிக் கம்பெனிகள் ஆடிப்போயிட்டாங்க. ஜெனரல் மோட்டார்ஸ் டிராக்டர் தொழிலையே விட்டு ஓடிருச்சு. சிகாகோவுல இருந்த இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர், அப்ப விவசாயக் கருவியில பெரிய கை, தானும் விலையைக் குறைச்சு, கூடவே ஒரு கலப்பையை இலவசமாக் கொடுத்துப் பார்த்துச்சு. விலைச் சண்டையில ஃபோர்டை ஜெயிக்க முடியாதுன்னு எல்லாருக்கும் தெரியும்.

ஆனா ஃபோர்ட்சன் வாங்கின விவசாயி குதிரையை விக்கலை. அவ்வளவு மலிவா ஒரு இயந்திரம் வந்தும் கொட்டகையில குதிரை அப்படியே நின்னுச்சு. ஏன்?

உழவு வருஷத்துல சில நாள் வேலை. ஃபோர்ட்சன் நல்லா உழும். உழுது, விதைச்சு, செடி முளைச்சு வந்த பிறகுதான் விவசாயிக்கு நிஜமான வேலை ஆரம்பிக்குது. களை. அப்ப களைக்கொல்லி மருந்தெல்லாம் கிடையாது. மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு வர்றதுக்குள்ள மூணு நாலு தடவை இடை உழவு போட்டாகணும். வரிசைக்கு நடுவுல குதிரையை ஓட்டி, பின்னாடி சின்னச் சின்னக் கொழுவு வச்ச களைக்கருவியால மண்ணைக் கிளறி, களையைப் புரட்டிவிடணும். ஃபோர்ட்சன் குட்டையா, அகலமா, பூமியோட ஒட்டின மாதிரி இருக்கும். வளர்ந்த செடி மேல அதை ஓட்டினா களையோட சேர்த்துப் பயிரும் போயிடும். அதனால உழவுக்கு டிராக்டர், களைக்குக் குதிரைன்னு ரெண்டுக்கும் தீனி போடணும். குதிரை வேலை செய்யாத நாள்லயும் சாப்பிடும். 1915 வாக்குல அமெரிக்காவுல இரண்டரைக் கோடிக்கு மேல குதிரையும் கோவேறு கழுதையும் இருந்துச்சு. விளைஞ்ச நிலத்துல பெரிய பங்கு அதுங்களுக்கே போச்சு.

இதைப் பார்த்தவர் பெர்ட் பெஞ்சமின். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர்ல வேலை பார்த்த இன்ஜினியர், அயோவாக்காரர். 'இன்னும் பலமான டிராக்டர்' அவரோட குறிக்கோள் இல்லை. குதிரையை மொத்தமா அனுப்பிடற டிராக்டர். உழவு, நடவு, களை, அறுவடை, கதிரடிக்கிற இயந்திரத்துக்கு பெல்ட் ஓட்டறது, எல்லாமே ஒரே வண்டி. அதான் பேரே ஃபார்மால். பண்ணையில எல்லாத்துக்கும்னு அர்த்தம்.

எங்க ஃபீல்டுல ஒரு பிரச்சினையை இப்படித் திருப்பிக் கேக்கறவங்களைத்தான் நான் உண்மையான இன்ஜினியர்னு சொல்லுவேன். ஃபோர்டு கேட்ட கேள்வி, டிராக்டரை எப்படி மலிவாச் செய்யலாம். பெஞ்சமின் கேட்ட கேள்வி, கொட்டகையில குதிரை ஏன் இன்னும் நிக்குது.

அந்தக் கேள்விக்கு வந்த பதில் பார்க்கவே விசித்திரமா இருக்கும். பின்னாடி ரெண்டு பெரிய சக்கரம், ரொம்ப அகலமா. முன்னாடி ரெண்டு சின்னச் சக்கரம், ஒண்ணோட ஒண்ணு ஒட்டினாப்ல நடுவுல. தூரத்துல இருந்து பார்த்தா மூணு சக்கர சைக்கிள் மாதிரி. பின்னச்சு தரையில இருந்து சுமார் 30 இஞ்ச் உயரத்துல. கண்ணை மூடிக் கற்பனை பண்ணிப் பாருங்க: ரெண்டு வரிசைச் செடி. நடுச் சந்துல முன்சக்கரம் ரெண்டும் போகுது. அந்தப் பக்கச் சந்துல ஒரு பின்சக்கரம், இந்தப் பக்கச் சந்துல இன்னொண்ணு. ரெண்டு வரிசைச் செடியும் வண்டியோட வயித்துக்குக் கீழ, தலை தட்டாமப் போகுது. களைக்கருவி டிரைவருக்கு முன்னாடி தொங்குது. திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. கொழுவு செடிக்கு எவ்வளவு பக்கத்துல போகுதுன்னு கண்ணுக்கு நேரே தெரியும்.

இன்னொரு சின்ன வேலை, எனக்கு ரொம்பப் பிடிச்சது. வரிசை முடிஞ்சதும் வண்டி திரும்பி அடுத்த வரிசைக்குள்ள நுழையணும். வயல் ஓரத்துல இடம் கொஞ்சம்தான். அதனால ஸ்டீயரிங்கை முழுசா ஒரு பக்கம் ஒடிச்சா, அந்தப் பக்கத்துப் பின்சக்கர பிரேக்கை இழுத்துப் பிடிக்கிற மாதிரி ஒரு இணைப்பு வச்சாங்க. உள்பக்கச் சக்கரம் நின்னுடும், வண்டி அதைச் சுத்தித் திரும்பிடும். பின்னாடி வந்த எச் மாடல்ல அது ரெண்டு தனி பிரேக் பெடலா மாறிடுச்சு. இடதுக்கு ஒண்ணு, வலதுக்கு ஒண்ணு. நம்ம ஊர் டிராக்டர்லயும் இன்னைக்கு வரைக்கும் ரெண்டு பிரேக் பெடல் இருக்கும், கவனிச்சிருப்பீங்க.

கம்பெனிக்கே இந்த வண்டி மேல முழு நம்பிக்கை இல்லைங்கறதுதான் வேடிக்கை. இது நல்லா வித்தா தங்களோட பழைய மாடல் விக்காம போயிடுமேன்னு பயம். அதனால 1924ல சத்தமில்லாம, கொஞ்சமே கொஞ்சம் செஞ்சு, டெக்சாஸ் பருத்திக் காட்டுப் பக்கம் வித்துப் பார்த்தாங்க. விவசாயிங்க விடலை. 1926ல இல்லினாய் மாநிலம் ராக் ஐலண்ட்ல இதுக்குன்னே தனி ஃபேக்டரி. 1928ல ஃபோர்டு அமெரிக்காவுல டிராக்டர் தயாரிப்பையே நிறுத்திட்டு அயர்லாந்துக்குக் கொண்டுபோயிட்டார். 395 டாலரை எதிர்த்து ஜெயிச்சது பயிருக்கு மேல நின்ன அந்த உயரம்தான்.

சரி, இப்ப எச். இது 1939ல வந்தது. ஏ, பி, எச், எம்னு எழுத்துப் பேரோட ஒரு குடும்பமே வந்துச்சு. வெளித்தோற்றத்தை வடிவமைச்சவர் ரேமண்ட் லோவி. ரயில் இன்ஜினுக்கெல்லாம் உடம்பு வரைஞ்சவர். அதுக்கு முன்னாடி டிராக்டர்னா குழாயும் போல்ட்டும் வெளிய தெரிஞ்சுக்கிட்டு நிக்கிற ஒரு பொருள். இவர் அதுக்கு வளைவான ஒரு மூக்கைக் கொடுத்தார். 1936 வரைக்கும் சாம்பல் நிறத்துல வந்த ஃபார்மால் அதுக்கு முன்னமே சிவப்பாகியிருந்துச்சு. அந்தக் கம்பெனியோட சின்னமும் பின்னாடி லோவி பண்ணதுதான். கறுப்பு எச் எழுத்து மேல சிவப்பா ஒரு சின்ன ஐ. கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க, எச்சோட ரெண்டு கால் பின்சக்கரம், நடுவுல இருக்கிற ஐ ஓட்டறவர். நேருக்கு நேர் வர்ற டிராக்டர். தெரிஞ்ச பிறகு வேற மாதிரி பார்க்கவே முடியாது.

ஷீட்டைப் படிப்போம். இன்ஜின் நாலு சிலிண்டர், 152 கன அங்குலம், அதாவது சுமார் 2.5 லிட்டர். ஒரு நல்ல கார் இன்ஜின் அளவு. ஓடற வேகம் நிமிஷத்துக்கு 1650 சுத்து. சக்தி பெல்ட்ல சுமார் 26 குதிரைத்திறன், இழுவையில சுமார் 24. இன்னைக்கு நீங்க ஓட்டற 200 சிசி பைக்கே அதுக்குப் பக்கத்துல வந்துடும். ஆனா உங்க பைக் அந்தச் சக்தியைக் கொடுக்க ஒன்பதாயிரம் பத்தாயிரம் சுத்து சுத்தணும், இது ஒரு மாடு மெல்லற வேகத்துல நாள் முழுக்கக் கொடுக்கும்.

சக்திக்கு ஏன் ரெண்டு எண்? அந்தக் காலத்துல டிராக்டருக்கு ரெண்டு உத்தியோகம். வயல்ல இழுக்கறது ஒண்ணு. ஓர் இடத்துல நின்னு, பக்கவாட்டுல இருக்கிற உருளையில நீளமான பெல்ட் மாட்டி, கதிரடிக்கிற இயந்திரத்தை ஓட்டறது இன்னொண்ணு. வயல்ல இழுக்கும்போது கொஞ்சம் சக்தி கியர்லயும் மண்ணுலயும் வீணாப்போகும். அதான் இழுவை எண் எப்பவுமே சின்னது.

எரிபொருள் பகுதி தனிக் கதை. பெட்ரோல்ல மட்டும் ஓடற மாடலும் உண்டு. இன்னொரு மாடல்ல ரெண்டு டேங்க் இருக்கும், ஒண்ணு பெருசு, ஒண்ணு குட்டி. குட்டியில பெட்ரோல், பெருசுல மண்ணெண்ணெய் மாதிரி ஒரு மலிவான எண்ணெய், டிஸ்டிலேட்னு பேர். பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி, இன்ஜின் சூடானதும் வால்வைத் திருப்பி மலிவு எண்ணெய்க்கு மாத்திக்கணும். அணைக்கறதுக்கு முன்னாடி மறுபடியும் பெட்ரோலுக்குத் திரும்பிடணும். மறந்துட்டா மறுநாள் காலையில கிராங்க் கம்பியைச் சுத்திச் சுத்தித் தோள்பட்டை கழண்டுடும்.

இப்ப என் மனசுல நின்னுபோன எண்ணுக்கு வர்றேன். பின்சக்கரங்களுக்கு நடுவுல இருக்கிற அகலம். எச்ல அதை 44 இஞ்ச்ல இருந்து 80 இஞ்ச் வரைக்கும் மாத்திக்கலாம். அச்சு மேல சக்கரத்தை வழுக்கி நகர்த்தி, வேணுங்கற இடத்துல இறுக்கிக்கலாம். போட்டிக் கம்பெனியான ஜான் டீர் 1934லயே தன்னோட ஏ மாடல்ல இதைக் கொண்டுவந்துடுச்சு, அந்தப் பெருமை அவங்களுக்குத்தான். ஆனா ஏன் 80? மக்காச்சோள வரிசைக்கு நடுவுல இடைவெளி 40, 42 இஞ்ச் வச்சிருந்தாங்க. டிராக்டர் ரெண்டு வரிசையைத் தாண்டி நிக்குது. ரெண்டு நாற்பது எண்பது.

சரி, வரிசைக்கு ஏன் 40 இஞ்ச்? மக்காச்சோளச் செடிக்கு அவ்வளவு இடம் தேவையே இல்லை. குதிரைக்குத் தேவை. ஒரு குதிரை செடியை மிதிக்காம, உரசாம ரெண்டு வரிசைக்கு நடுவுல நடந்துபோக அவ்வளவு இடம் வேணும்.

அதாவது குதிரையை ஒழிக்கன்னே செஞ்ச இயந்திரத்தோட அகலத்தை முடிவு பண்ணது குதிரையோட உடம்பு. நானும் ஒரு பழைய சிஸ்டத்தைத் தூக்கிட்டுப் புதுசு எழுதற வேலையில ரெண்டு வருஷம் இருந்தேன். பழசு போய்ச் சேர்ந்தாச்சு. ஆனா அதுக்காக வச்ச எட்டு எழுத்துப் பயனர் பேர் மட்டும் இன்னும் அப்படியே இருக்கு. ஏன் எட்டுன்னு கேட்டா ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது. அதனால இந்த 80 இஞ்ச்சைப் பார்த்தப்ப ஏதோ சொந்தக்காரங்களைப் பார்த்த மாதிரி இருந்துச்சு.

இன்னொண்ணும் சொல்லணும். எச்க்குப் பெரியண்ணன் எம். இன்ஜின் 248 கன அங்குலம், சக்தி கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. ஆனா ரெண்டுக்கும் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தூரம் ஒண்ணுதான். அதனால எச்ல மாட்டின களைக்கருவி எம்லயும் மாட்டும். எச் வாங்கினவர் நாளைக்குப் பெரிய வண்டிக்கு மாறினா கருவிகளைத் திரும்ப வாங்க வேண்டாம். 1939ல இதை யோசிச்சிருக்காங்க. என் சார்ஜர் டப்பாவைத் திறந்து பார்த்தா இன்னைக்கும் மூணு வகை ஒயர் கிடக்கு.

1939ல இருந்து 1953க்குள்ள எச் மட்டும் மூணே முக்கால் லட்சத்துக்கு மேல வித்துச்சு. போர்க்காலத்துல ஆம்பளைங்க ராணுவத்துக்குப் போனப்ப, பண்ணைப் பெண்களுக்கு டிராக்டர் ஓட்டவும் பராமரிக்கவும் டீலர் கடைகள்லயே வகுப்பு எடுத்தாங்க. 'டிராக்டரெட்'னு பேர் வச்சு. பேரு கொஞ்சம் கடுப்பாத்தான் இருக்கு. ஆனா வகுப்பு நிஜ வகுப்பு. எண்ணெய் மாத்தறதுல இருந்து எல்லாம் சொல்லிக்கொடுத்தாங்க.

இந்த எண்களை நான் எப்படி நம்பறேன்? விக்கறவன் சொல்ற எண்ணை யார் நம்புவா, பேட்டரி 'நாள் முழுக்க வரும்'னு சொல்றவங்களை நாம பார்க்காததா. இங்க ஒரு நல்ல கதை இருக்கு. நெப்ராஸ்கா மாநிலத்துல வில்மட் குரோசியர்னு ஒரு விவசாயி. 'ஃபோர்டு'ன்னு பேர் போட்ட ஒரு டிராக்டரை வாங்கினார். கவனிங்க, ஹென்றி ஃபோர்டோட கம்பெனி இல்லை. மினியாபொலிஸ்ல யாரோ ஃபோர்டுங்கற பேரை வச்சு நடத்தின வியாபாரம். ஹென்றி ஃபோர்டு தன் டிராக்டருக்கு ஃபோர்ட்சன்னு பேர் வச்சதுக்கே இவங்கதான் காரணம். வாங்கின வண்டி ஓடலை. குரோசியர் நம்மள மாதிரி ஒரு நட்சத்திரம் போட்டுட்டுப் போகலை. சட்டமன்ற உறுப்பினராகி, 1919ல ஒரு சட்டத்தையே கொண்டுவந்துட்டார். நெப்ராஸ்காவுல ஒரு டிராக்டர் மாடலை விக்கணும்னா, மாநிலப் பல்கலைக்கழகம் அதைச் சோதிக்கணும், முடிவை எல்லாருக்கும் தெரியற மாதிரி வெளியிடணும். உதிரிப் பாகமும் மாநிலத்துக்குள்ளேயே கிடைக்கணும்.

1920ல முதல் டிராக்டர் சோதனைக்குப் போச்சு. வாட்டர்லூ பாய்னு ஒரு மாடல். ஒரு மாநிலத்தோட சட்டம்தான், ஆனா எந்தக் கம்பெனியும் நெப்ராஸ்காவுக்கு ஒரு எண், மத்த ஊருக்கு ஒரு எண்ணுன்னு சொல்ல முடியாதே. வாயில வந்த குதிரைத்திறனை அச்சடிக்கறது கொஞ்சம் கொஞ்சமா நின்னுபோச்சு. எச் மாடலும் அந்தச் சோதனைக்குப் போய் வந்ததுதான். நான் மேல சொன்ன 26, 24 அங்க அளந்தது.

இவ்வளவு தூரம் ரசிச்சுட்டு, அடுத்ததைச் சொல்லாம விட முடியாது.

நெப்ராஸ்காவுல இழுவையை அளந்தாங்க, பெல்ட் சக்தியை அளந்தாங்க, எரிபொருளை அளந்தாங்க. எச் போன காலத்துல ஒண்ணை மட்டும் அளக்கலை. இந்த வண்டி எவ்வளவு சாய்ஞ்சா கவிழும்?

வடிவத்தை மறுபடி நினைச்சுப் பாருங்க. செடி கீழ போகணுங்கறதுக்காக வண்டியோட கனம் எல்லாம் உயரத்துல. நடுச் சந்துல போகணுங்கறதுக்காக முன்சக்கரம் ரெண்டும் ஒட்டி நடுவுல. நாலு சக்கரம் இருந்தாலும் பூமியில அது நிக்கறது ஒரு முக்கோணத்துல. முக்காலியில உக்காந்து ஒரு பக்கமா எட்டி எதையாவது எடுக்கப் போய் விழுந்திருக்கீங்களா, அதேதான். சரிவுல குறுக்கா ஓட்டினாலும், ஒரு சக்கரம் குழியில இறங்கினாலும், பின்சக்கரங்களைக் குறுக்கி வச்சிருந்தாலும் பக்கவாட்டுல சாயும். இதுல ரெண்டு பிரேக் பெடலையும் சேர்த்துப் பூட்டாம அஞ்சாவது கியர்ல ரோட்டுல வந்து, அவசரத்துல ஒரு பெடலை மட்டும் மிதிச்சா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க. வயல் ஓரத்துல வண்டியை ஒரு சக்கரத்தைச் சுத்தித் திருப்பின அதே பிரேக், 26 கிலோமீட்டர் வேகத்துலயும் அதைத்தான் பண்ணும்.

பின்னாடியும் கவிழும். பின்சக்கரம் சேத்துல மாட்டிக்கிச்சு, அல்லது மரத்தோட அடிக்கட்டையைச் சங்கிலியில கட்டி இழுக்கறாங்க, சங்கிலியை வேற உயரத்துல மாட்டிட்டாங்க. சக்கரம் சுத்த முடியலைன்னா இன்ஜின் வண்டியைச் சுத்தும். முன்பக்கம் எழும்பும். தலைகீழா விழ ஒன்றரை நொடி போதும். கிளட்சை மிதிக்கணும்னு மூளைக்குத் தோணறதுக்குள்ள முடிஞ்சுடும். இந்தக் கெட்ட பேர் ஃபோர்ட்சனுக்கு இன்னும் அதிகம். ஆனா ஃபார்மாலும் தப்பிக்கலை. மேல கூரை இல்லை, கம்பி இல்லை, பெல்ட் இல்லை. ஒரு இரும்புத் தட்டு மாதிரி சீட், அவ்வளவுதான்.

இதுக்குத் தீர்வு ரொம்ப எளிமை. டிரைவர் தலைக்கு மேல ஒரு பலமான இரும்பு வளைவு, கூட சீட் பெல்ட். வண்டி புரண்டாலும் ஆள் நசுங்க மாட்டார். ஸ்வீடன் 1959ல புது டிராக்டருக்கெல்லாம் இதைக் கட்டாயமாக்குச்சு. சாவு எண்ணிக்கை மளமளன்னு இறங்குச்சு. அமெரிக்காவுல 1976க்குப் பிறகு வந்த டிராக்டர்ல, கூலிக்கு ஆள் வச்சு ஓட்டறதுக்கு மட்டும் கட்டாயம்னு விதி வந்துச்சு. தன் நிலத்தைத் தானே ஓட்டற குடும்பத்துக்கு அது பொருந்தாது. கம்பெனிகள் தானா எல்லா வண்டியிலயும் மாட்டினது 1980களோட நடுவுல. அதுக்குள்ள வித்தது லட்சக்கணக்குல. அதுல நிறைய இன்னும் ஓடுமளவுக்கு நல்லா செஞ்சது வேற பெரிய வினை. இன்னைக்கும் அந்த நாட்டுப் பண்ணைகள்ல சாவுக்கு முதல் காரணம் டிராக்டர் கவிழறதுதான்.

யார் மேல தப்புன்னு எனக்குச் சுலபமாச் சொல்லத் தெரியலை. உயரத்தையும் ஒல்லியான முன்பக்கத்தையும் எடுத்துட்டா அது ஃபார்மால் இல்லை. ஆனா 1939ல லோவிக்குக் காசு கொடுத்து மூக்கை அழகாக்க முடிஞ்ச கம்பெனிக்கு, தலைக்கு மேல ஒரு வளைவு போட மனசு வர அவ்வளவு வருஷம் ஆகியிருக்க வேண்டாம்னு மட்டும் தோணுது. ஷீட்ல அதுக்கு ஒரு வரி இல்லாததால யாரும் கேக்கவும் இல்லை.

அந்த மூணு சக்கர வடிவம் பின்னாடி மெதுவா மறைஞ்சது பாதுகாப்புக்காக மட்டும் இல்லை. களை போனதால. 1940களோட கடைசியில 2,4-டி, 1950களோட கடைசியில அட்ரசின்னு களைக்கொல்லிகள் வந்துச்சு. செடிக்கு மேல நாலு தடவை வண்டி ஓட்டற அவசியம் குறைஞ்சுது. குதிரை போயாச்சுங்கறதும் ஒரு வழியா எல்லாருக்கும் உறைச்சு, வரிசை இடைவெளி 30 இஞ்சுக்கு இறங்குச்சு. முன்சக்கரம் அகலமாச்சு. 1985ல இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரோட விவசாயப் பிரிவு கைமாறி கேஸ் கம்பெனியோட சேர்ந்துச்சு, ராக் ஐலண்ட் ஃபேக்டரியும் மூடியாச்சு.

நமக்கு ஒரு ஒட்டு உறவு உண்டு. 1963ல மகிந்திரா, இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரோட கூட்டுச் சேர்ந்துதான் இங்க டிராக்டர் செய்ய ஆரம்பிச்சுது. முதல் மாடல் பி-275. இங்கிலாந்துல டான்காஸ்டர் ஃபேக்டரியில வரைஞ்ச டீசல் வண்டி. ஃபார்மால் மாதிரி மூணு சக்கர வடிவம் இல்லை, முன்பக்கம் அகலமானது. ஆனா அந்தச் சிவப்பு அந்த வீட்டுச் சிவப்பு. 275ங்கற எண் இன்னைக்கும் மகிந்திரா டிராக்டர் மேல இருக்கு.

எங்க பெரியப்பாகிட்ட அப்படி ஒரு பழைய சிவப்பு வண்டி இருந்துச்சு. லீவுக்கு ஊருக்குப் போனா நாங்க பசங்க எல்லாம் மட்கார்டுல ஏறி உக்காருவோம். அவர் இன்ஜினை அணைச்சுட்டு, எங்களை ஒவ்வொருத்தரா இறக்கி விட்டுட்டுத்தான் வண்டியை எடுப்பார். திட்டக்கூட மாட்டார். நாங்க வரப்புல நின்னு முகத்தைத் தூக்கி வச்சுக்குவோம். அவர் மேல கோபமாவே இருந்தேன் ரொம்ப வருஷம். இந்த எபிசோடுக்காகப் படிச்சு முடிச்சதும் அவருக்குத்தான் முதல்ல போன் பண்ணேன். "வண்டி கவிழும்னு உங்களுக்கு யார் பெரியப்பா சொன்னது?"ன்னு கேட்டேன். "யாரு சொல்லணும், பக்கத்துக் காட்டுல பார்த்தேன்ல"ன்னார். அதுக்கு மேல அவர் பேசலை, மழை பெஞ்சுதான்னு கேட்டுட்டு வச்சுட்டார்.

அடுத்த வாரம் பார்ப்போம். உங்க வீட்டுல பழைய டிராக்டர் இருந்தா படம் அனுப்புங்க. தலைக்கு மேல வளைவு இருக்கான்னும் அப்படியே பார்த்துச் சொல்லுங்க.